சத்தம் போடத் தெரிந்த சார்ஜென்ட்களுக்கு

கற்பனைப் போர்க்களங்களில் விண்வெளிக் காலாட்படை நடத்தி, புது ஆட்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,



உங்கள் படையில் சேரும் ஒரு பையன் (பெண்பிள்ளையும்தான்) முதல் ஞாயிற்றுக்கிழமை மாலை என்ன செய்கிறான் என்று பார்ப்போம். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு வருகிறான். வரிசையில் நில் என்கிறீர்கள், நிற்கிறான். வரிசை கோணல் என்று திட்டுகிறீர்கள். கீபோர்டில் இடப்பக்கம் ஒரு தட்டு, வலப்பக்கம் ஒரு தட்டு என்று பாவம், நேராக்கிக்கொள்கிறான். அப்புறம் பதவிப் பெயர்கள், சல்யூட் வைக்கும் முறை, உங்கள் கூட்டரசின் வரலாறு, எந்தக் கிரகம் எந்த ஆண்டு எதிரியிடம் விழுந்தது என்ற பட்டியல். முக்கால் மணி நேரம் இதிலேயே போய்விடுகிறது. சுடுகளத்தில் பத்து இலக்கு வைக்கிறீர்கள், பாஸ் போட்டுத் தோளில் ஒரு பட்டை குத்துகிறீர்கள். அன்றிரவே நடக்கும் ஆபரேஷனில் அவன் ஒரு வாசலில் மற்ற ஐந்து பேரோடு முட்டி மோதிக்கொண்டு நிற்கும்போது ஒரே ஒரு கையெறி குண்டு வந்து விழுகிறது. ஆறு பேரும் காலி. மீதி நேரமெல்லாம் மற்றவர்கள் ஆடுவதை வேடிக்கை பார்க்கிறான். அடுத்த ஞாயிறு வருவதில்லை. இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுமை கிடையாது என்று நீங்கள் சொல்லிக்கொள்கிறீர்கள்.

என் புகார் இதுதான். நிஜப் பட்டாளத்தில் வெளியே தெரிகிற சங்கதிகளை எடுத்துக்கொண்டீர்கள்; எதற்காக அப்படிச் செய்கிறார்கள் என்பதை விட்டுவிட்டீர்கள். அந்த ‘எதற்காக’வைக் கேட்கத் தொடங்கினால் உங்கள் பயிற்சியில் பாதி தானாக உதிர்ந்துவிடும். மிச்சமிருப்பது இப்போதைவிட நன்றாக இருக்கும்.

அமெரிக்கக் காலாட்படையில் ஆரம்பப் பயிற்சி 14 வாரமாக இருந்தது. 2018இல் அதை 22 வாரமாக நீட்டத் தொடங்கினார்கள். அங்கே போகிறவன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனவன். படுப்பதும் எழுவதும் அங்கேதான். அவன் காதருகே ஒருவர் கத்துவதற்கு ஒரு வேலை இருக்கிறது: மூளை உறைந்துபோகிற நேரத்திலும் கை தன் வேலையைச் செய்யப் பழக வேண்டும். உங்களுக்குக் கிடைப்பதோ இரண்டு மணி நேரம். பிடிக்கவில்லையென்றால் ஒரு பட்டனை அழுத்தி அவன் போய்விடலாம், மறுநாள் அவனுக்குக் கணக்குப் பரீட்சையும் இருக்கலாம். பள்ளியில் என்.சி.சி. போனவர்களுக்கு ‘சாவ்தான், விஷ்ராம்’ இன்னும் காதில் ஒலிக்கும். ஐம்பது பேர் ஒரே அடியாகக் காலை ஓங்கி வைப்பதில் ஒரு சுகம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சுகம் குதிகாலிலும் முதுகெலும்பிலும் இருக்கிறது. கீபோர்டில் இல்லை.

இந்தக் கத்தல் எங்கிருந்து வந்தது என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். 1987இல் வந்த ‘ஃபுல் மெட்டல் ஜாக்கெட்’ படத்தில் பயிற்சி சார்ஜென்டாக வரும் ஆர். லீ எர்மி, உண்மையிலேயே மரீன் படையில் அந்த வேலையைப் பார்த்தவர். அவரை நகலெடுத்தவர்கள் அவர் குரலை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 1997இல் பால் வெர்ஹோவன் எடுத்த ‘ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்’ படத்திலும் பயிற்சி முகாம் பிரமாதமாக இருக்கிறது. ஆனால் அங்கே படித்து வெளியேறிய பட்டாளம் பூச்சிகளின் கிரகத்தில் இறங்கியதும் திருவிழாக் கூட்டம் மாதிரி ஓடுகிறது. முன்னால் யார், பக்கத்தில் யார், எல்லோரும் ஓடும்போது சுட்டுக்கொண்டிருப்பது யார் என்று யாருக்கும் தெரியாது. கேலிப்படம் என்ற அளவில் வெர்ஹோவனுக்கு அது சரி. நீங்கள் கேலிப்படம் எடுக்கவில்லையே.

அதற்குப் பதினோரு வருஷம் முன்னால், 1986இல், ஜேம்ஸ் கேமரூனின் ‘ஏலியன்ஸ்’ வந்தது. அதில் மரீன்களாக நடித்தவர்களைப் படப்பிடிப்புக்கு முன் இரண்டு வாரம் பிரிட்டிஷ் எஸ்.ஏ.எஸ். படைக்காரர்களிடம் பழக்கினார்கள். சார்ஜென்ட் எபோனாக வரும் அல் மேத்யூஸ் வியட்நாமில் மரீனாக இருந்தவர். அதன் பலன் திரையில் தெரிகிறது: காலனிக்குள் நுழையும்போது ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசையைப் பார்க்கிறார்கள், ஒருவர் நகரும்போது இன்னொருவர் நிற்கிறார். கதாநாயகியாக வரும் சிகர்னி வீவருக்கும், லெப்டினன்ட் கோர்மனாக வரும் வில்லியம் ஹோப்புக்கும் அந்தப் பயிற்சி கிடையாது. கதையிலும் அவர்கள் வெளியாட்கள்தான்.

அந்தப் படத்தில் உங்கள் புது ஆட்களுக்குப் போட்டுக்காட்ட வேண்டிய இடம் ஒன்று உண்டு. கோர்மன் கவச வண்டிக்குள் உட்கார்ந்து திரைகளைப் பார்த்துக்கொண்டே ரேடியோவில் நீளமாக ஓர் உத்தரவு கொடுக்கிறான். எபோனுக்குப் பாதிதான் கேட்கிறது. சுற்றிலும் சூடு நடக்க, மீதியைத் திருப்பிச் சொல்லும்படி கேட்டுக்கொண்டு நிற்கிற அந்த நொடியில் ஏலியன் அவனைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. உத்தரவில் தவறு ஒன்றுமில்லை. நீளம்தான் அதிகம்.

சாதாரண ஆட்களைச் சீக்கிரமாகக் காலாள் ஆக்குவது எப்படி என்று உட்கார்ந்து யோசித்தவர்களில் ஒருவர் பிரிட்டனின் லயனல் விக்ரம். இரண்டாம் உலகப் போருக்கு முன் அவர் ஒரு சொலிசிட்டர். 1941இல் லண்டன் டிவிஷன் ஒன்றில் அவரும் சகாக்களும் ‘பேட்டில் டிரில்’ என்ற முறையை உருவாக்கினார்கள். எதிரி சுட்டால் முதலில் யார் என்ன செய்வது, யார் பக்கவாட்டில் சுற்றிப் போவது, யார் நின்ற இடத்திலிருந்தே சுட்டுக்கொண்டிருப்பது என்பதையெல்லாம் சின்னச் சின்ன அசைவுகளாகப் பிரித்து, பரேடு மைதானத்திலேயே நடக்க வைத்துப் பழக்கினார்கள். மைதானத்தில் பழகிய அசைவு, வயலில் சேறும் வேலியும் வரும்போது மாறிக்கொள்ளும். ஆனால் எதுவுமே பழகாதவன் முதல் தோட்டாச் சத்தத்தில் சிலையாகிவிடுவான். கணக்கரையும் தச்சரையும் பள்ளிக்கூட வாத்தியாரையும் சிப்பாயாக்க வேண்டிய நாட்டில் அது பிடித்துக்கொண்டது. உங்களிடம் வருகிறவர்களும் அதே ரகம்தான்.

இதோடு இன்னொரு கூத்தும் நடந்தது. இந்த முறையைக் கற்பித்த பயிற்சிப் பள்ளிகள் சிலவற்றில், ஆட்களுக்கு வெறி ஏற்ற வேண்டும் என்று கசாப்புக் கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். மிருக ரத்தத்தைத் தெளித்தார்கள். எதிரியை வெறுக்கச் சொல்லிக் காதில் கத்தினார்கள். ராணுவ மனநல மருத்துவர்கள் ஆட்சேபித்தார்கள், 1942இல் மேலிடம் நிறுத்தச் சொல்லிவிட்டது. டிரில் நிலைத்தது, ரத்தம் போயிற்று. உயிரைப் பணயம் வைக்கப் போகிறவர்களுக்கே தேவைப்படாத வெறி, உங்கள் ஞாயிறு மாலைக்கு எதற்கு?

விளையாட்டுக்கும் பட்டாளத்துக்கும் உறவு பழையது என்பதால் நீங்கள் செய்வதை நான் விளையாட்டுத்தானே என்று தள்ளுகிறவன் இல்லை. 1824இல் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்ய லெப்டினன்ட், வரைபடமும் ஈயக் கட்டைகளும் பகடையும் வைத்து ஒரு போர் விளையாட்டைத் தளபதியிடம் காட்டினார். வேண்டாவெறுப்பாகப் பார்க்க உட்கார்ந்த தளபதி, பார்த்து முடித்ததும் படை முழுவதற்கும் பரிந்துரைத்தார். ‘செயின்மெயில்’ என்ற போர் விளையாட்டிலிருந்துதான் 1974இல் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ பிறந்தது. நீங்கள் ஆடும் ரோல்ப்ளே அதன் வம்சம். 1996இல் அமெரிக்க மரீன்கள் ‘டூம் 2’ விளையாட்டையே எடுத்துத் தங்களுக்கு ஏற்ப மாற்றினார்கள். பூதங்களைத் தூக்கிவிட்டு மனித எதிரிகளைப் போட்டார்கள். சிப்பாய்களின் உருவத்துக்குக் கடையில் விற்கும் ஜி.ஐ. ஜோ பொம்மைகளை ஸ்கேன் செய்தார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த தகவல். அதில் அவர்கள் பழக்க நினைத்தது நான்கு பேர் கொண்ட ஃபயர் டீம் எப்படிச் சேர்ந்து நகர்வது என்பதை. சல்யூட் வைப்பதற்கு அந்த ‘மரீன் டூம்’ யாருக்கும் தேவைப்படவில்லை.

ஆகவே முதல் இரண்டு மணி நேரத்தில் நான்கு பேர். அவ்வளவுதான். ஒரு தலைவர், ஒரு லைட் மெஷின் கன்காரர், ஒரு கிரெனேடியர், ஒரு ரைஃபிள்காரர். இந்த நால்வரும் நாற்பது பேராக மாறுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் இருபது நிமிடம் யாருக்கும் தோட்டா கொடுக்காதீர்கள். இரண்டிரண்டு பேராகப் பிரியுங்கள். எதிரே நூறு மீட்டர் தள்ளி நீங்களே எதிரியாக நில்லுங்கள். ஒருவர் படுத்துக் குறி வைத்திருக்க, மற்றவர் எழுந்து ஓட வேண்டும். ஓடுகிறவர் எழுந்த உடனே நீங்கள் வாய்விட்டு எண்ணுங்கள்: ஒன்று, இரண்டு, மூன்று, சுட்டேன். அந்த ‘சுட்டேன்’ வருவதற்குள் அவர் படுத்திருக்க வேண்டும். அமெரிக்கக் கையேடுகள் ஓர் ஓட்டத்துக்கு மூன்றிலிருந்து ஐந்து நொடி என்று சொல்கின்றன. எதிரி கவனித்து, துப்பாக்கியைத் திருப்பி, குறி பார்த்து விசையை அழுத்த ஆகும் நேரம் அது. சிப்பாய்கள் ஓடும்போது மனசுக்குள் சொல்லிக்கொள்வது நம் பேச்சில் இப்படி வரும்: எழுந்தேன், பார்த்துட்டான், படுத்தேன். படுத்த இடத்திலிருந்தே திரும்ப எழக் கூடாது. பக்கவாட்டில் இரண்டு உருள் உருண்டுவிட்டு எழ வேண்டும், ஏனென்றால் எதிரி இப்போது அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். படுத்ததும் ‘செட்’ என்று குரல் கொடுக்க வேண்டும். அது கேட்ட பிறகுதான் மற்றவர் ‘மூவிங்’ என்று எழலாம். இவ்வளவையும் சொல்லிக்கொடுக்கப் பத்து நிமிடம் போதும். புது ஆட்கள் இதில் சிரிப்பார்கள், தடுமாறுவார்கள், ஒருவர் எழுவதற்குள் இன்னொருவர் எழுந்துவிடுவார். விடுங்கள். நாலாவது முறை இருவரும் ஒரு தாளத்துக்கு வந்துவிடுவார்கள், நீங்கள் மூன்று எண்ணி முடிப்பதற்குள் களத்தில் யாரும் நிற்க மாட்டார்கள்.

நடுவே பின்னாலிருந்து போய் யாரிடமாவது கேளுங்கள்: உனக்கு இடப்பக்கம் யார்? எவ்வளவு தூரத்தில்? அவர் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார்? திரும்பிப் பார்க்காமல் பதில் சொல்ல வேண்டும். உங்கள் கூட்டரசின் வரலாற்றில் கேள்வி கேட்பதற்குப் பதிலாக இதைக் கேளுங்கள்.

அடுத்தது தகவல். நம் ஆட்கள் வாய்ஸில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். “மச்சி, அங்க பாருடா! அங்கடா! அய்யோ, செத்தேன்!” இதில் அவர் செத்தார் என்பது மட்டுமே தகவல். எந்தப் பக்கம், எவ்வளவு தூரம், என்ன: இந்த மூன்றும் இந்த வரிசையிலேயே வர வேண்டும். “கான்டாக்ட்! முன்னாடி, இருநூறு, மஞ்சள் டேங்க்குக்கு வலப்பக்கம் ரெண்டு பேர்!” ஒரு மூச்சில் முடிந்துவிட்டது. ‘பன்னிரண்டு மணி, மூன்று மணி’ என்று கடிகாரத் திசை சொல்வது படங்களில் அழகாக இருக்கும்; ஆளுக்கு ஒரு பக்கம் முகம் திருப்பி நிற்கும்போது யாருடைய பன்னிரண்டு மணி என்ற கேள்வி வரும். திரையிலேயே திசைகாட்டி இருந்தால் டிகிரியைச் சொல்லிவிடலாம். ஒருவர் தகவல் சொல்லும்போது மற்ற மூவரும் வாயை மூடிக்கொள்வதைத் தனியாகப் பழக்க வேண்டும். தமிழர்களுக்கு இது தோட்டாவைவிடக் கஷ்டம்.

இதுவரை சொன்னது எந்தக் கிரகத்துக்கும் பொருந்தும். உங்கள் படை விண்வெளிப் படை ஆயிற்றே, அதில் விண்வெளி எங்கே? உங்கள் பயிற்சியில் அது ஹெல்மெட்டின் வடிவத்தில் மட்டும் இருக்கிறது. நிலவில் நடக்கும் கதைக்கும் புல்வெளியில் நடக்கும் கதைக்கும் ஒரே டிரில் சொல்லித்தருகிறீர்கள்.

இந்த விஷயத்தில் எனக்கு ஆதர்சம் ஜோ ஹால்ட்மன். வியட்நாமில் அடிபட்டுத் திரும்பி, 1974இல் ‘தி ஃபாரெவர் வார்’ நாவலை எழுதியவர். அதில் பயிற்சி நடக்கும் இடம் சேரன். புளூட்டோவுக்கு அப்பாலுள்ள ஒரு கற்பனைக் கிரகத்துக்கு அவர் வைத்த பெயர் அது. நான்கு வருஷம் கழித்துப் புளூட்டோவின் நிலவைக் கண்டுபிடித்து அதற்கும் அதே பெயர் வைத்தார்கள். அந்தக் கடுங்குளிரில், எதிரி கண்ணில் படுவதற்கு முன்பே, பயிற்சியிலேயே ஆட்கள் சாகிறார்கள். இடமும் உடுப்புமே ஆளைக் கொல்லும். சார்ஜென்ட் கத்துவதைவிட அது பயங்கரம். (1977இல் வந்த ‘டிராவலர்’ ரோல்ப்ளேயில் பாத்திரத்தை உருவாக்கும்போதே, ஆட்டம் தொடங்குவதற்குள், பாத்திரம் பணியில் செத்துப்போகலாம். அந்த நக்கல் எனக்குப் பிடிக்கும்.)

நிலவையே எடுத்துக்கொள்வோம். அங்கே ஈர்ப்பு நம்முடையதில் ஆறில் ஒரு பங்கு. பூமியில் அரை மீட்டர் எம்பிக் குதிக்கிற வேகத்தோடு அங்கே குதித்தால் கிட்டத்தட்ட நான்கு நொடி அந்தரத்தில் இருப்பீர்கள். சற்று முன் ஓட்டத்துக்கு எத்தனை நொடி என்று சொன்னேன்? ஒரே துள்ளலில் அத்தனையும் போச்சு. நடுவில் திசையும் மாற்ற முடியாது, படுக்கவும் முடியாது. எடை குறைந்ததே தவிர நிறை குறையவில்லை என்பதால் ஓடி வந்த வேகத்தில் நிற்பதும் கஷ்டம். ஆக, நிலவில் ஓட்டப் பயிற்சி என்றால் குதிக்காமல், தரையோடு ஒட்டிச் சறுக்கிப் போவதைப் பழக்குவதுதான்.

கையெறி குண்டுக்கு வாருங்கள். பூமியில் ஒருவர் 35 மீட்டர் எறிகிறார் என்று வைத்துக்கொள்வோம். உடுப்பின் இறுக்கத்தை மறந்துவிட்டு, அதே வேகத்தில் அதே கோணத்தில் நிலவில் எறிந்தால் 200 மீட்டருக்கு மேல் போகும். ஆகா என்று மகிழ வேண்டாம். அது தரைக்கு வரப் பதினாறு நொடி ஆகும். குண்டின் திரியோ நான்கைந்து நொடியில் வெடிக்கும். அந்த நேரத்தில் குண்டு எங்கே இருக்கும்? உங்களிடமிருந்து அறுபது மீட்டர் தூரத்தில், நாற்பது மீட்டர் உயரத்தில், நடு வானத்தில். பூமியில் சில்லுகளின் வேகத்தைக் காற்று குறைக்கும். நிலவில் குறைக்க எதுவுமில்லை. கிலோமீட்டர் கணக்கில் போகும், எறிந்தவர் மேலும் பாயும். எனவே அங்கே குண்டைத் தூக்கி எறியக் கூடாது, தாழ்வாகத் தள்ள வேண்டும். அல்லது உங்கள் படையின் குண்டுக்கு வேறு திரி வேண்டும். இந்தக் கணக்கைப் புது ஆட்களிடமே கொடுத்துப் போடச் சொல்லுங்கள். பிளஸ் ஒன் இயற்பியல்தான். பரீட்சைக்கும் ஆயிற்று.

புகைக் குண்டு? மறந்துவிடுங்கள். காற்றில்லாத இடத்தில் புகை திரையாக நிற்காது, சிதறிப் போய்விடும். தெருவைக் கடக்க வேண்டுமென்றால் உடனே புகையைப் போடுகிற உங்கள் பழைய ஆட்கள் முதல் நிலவுச் சண்டையிலேயே திண்டாடப் போகிறார்கள். மெஷின் கன் சுடும், அதில் சந்தேகமில்லை. தோட்டாவுக்குள்ளேயே எரிவதற்கு வேண்டியது இருக்கிறது. ஆனால் சூடான குழாயைக் குளிரவைக்கக் காற்று கிடையாது. ஓடுகிறவருக்காக நீங்கள் தொடர்ந்து சுட்டுக்கொண்டிருக்க முடியாது. நிறுத்தி நிறுத்தித்தான் சுடலாம். குழாயின் சூடு, தோழர் ஓடும் நேரத்தைத் தீர்மானிக்கும்.

தூரத்தை எப்படிக் கணிப்பது? கண் பார்வையில் தூரம் சொல்வது காலாட்படையில் அடிப்படைப் பாடம். பூமியில் தூரத்து மலை மங்கலாகத் தெரியும். அந்த மங்கல்தான் நம் கண்ணுக்கு அளவுகோல். நிலவில் அது கிடையாது. 1971 பிப்ரவரியில் அப்பல்லோ 14இன் ஷெப்பர்டும் மிட்செலும் கோன் பள்ளத்தின் விளிம்பைத் தேடி மேடேறினார்கள். எது மேடு, எது விளிம்பு என்று பிடிபடாமல், களைத்துத் திரும்பிவிட்டார்கள். விளிம்பிலிருந்து சுமார் முப்பது மீட்டர் தள்ளித்தான் நின்றிருந்தார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. வரைபடமும் கையில் இருந்தது, யாரும் சுடவும் இல்லை. உங்கள் ஆள் அங்கே “இருநூறு மீட்டர்” என்று சொன்னால் அதை எந்த அளவுக்கு நம்புவது? அடிவானமும் கிட்டேதான், நிற்கிற ஆளின் கண்ணுக்குச் சமதரையில் இரண்டரை கிலோமீட்டர்கூட இல்லை.

சத்தமும் கிடையாது. எதிரி சுட்டால், தோட்டா பறக்கும் வெடிப்பையும் துப்பாக்கியின் ஓசையையும் தனித்தனியாகக் கேட்டு அவன் இருக்கும் தொலைவைக் கணிப்பது பழைய சிப்பாய் வித்தை. அது போய்விட்டது. இன்னொன்று யோசியுங்கள். நாம் சுட்டுக்கொண்டிருந்தால் எதிரி ஏன் தலையைக் குனிகிறான்? காதோரம் சொடுக்குவது கேட்பதால், பக்கத்தில் மண் தெறிப்பதால். நீங்கள் பெருமையாகத் தூக்கிக்கொண்டு திரியும் லேசர் துப்பாக்கியின் கதிர் வெற்றிடத்தில் கண்ணுக்கே தெரியாது. பட்டால் கொல்லும், படாவிட்டால் அப்படி ஒன்று போனதே எதிரிக்குத் தெரியாது. பயம் இல்லையென்றால் கவர் ஃபயர் இல்லை. கவர் ஃபயர் இல்லையென்றால், சற்று முன் கற்ற ‘செட்–மூவிங்’ பாதி பயனற்றதாகிவிடும். அப்போது உங்கள் படை என்ன செய்யும்? பழைய மெஷின் கன்னை வைத்துக்கொள்ளுமா? நகராமல் காத்திருக்குமா? ‘ஹேலோ’ விளையாட்டு மாதிரி, அடிபட்டாலும் சற்றுநேரம் மறைந்திருந்தால் திரும்ப நிறையும் கேடயம் உண்டு என்று வைத்தால், அந்த நிறையும் நேரம் ஓட்டத்தின் நேரத்தோடு சேர்ந்துவிடும். உங்கள் உலகத்தில் ஒரு கருவியை வைத்தால் அதற்கு ஒரு டிரில் மாற வேண்டும். மாறாவிட்டால் அந்தக் கருவி வெறும் அலங்காரம்.

முதலுதவியிலும் இதே கதை. 2001 முதல் 2011 வரை போர்க்களத்தில் இறந்த அமெரிக்கச் சிப்பாய்களை ஆராய்ந்ததில், காப்பாற்றியிருக்கக் கூடிய மரணங்களில் பத்தில் ஒன்பது ரத்தப்போக்கால் நடந்தவை என்று தெரிந்தது. அதனால் இன்று, ரத்தத்தை நிறுத்த இறுக்கிக் கட்டும் டூர்னிகேதான் முதல் பாடம். அதற்கும் முன்னால் ஒன்று: சூடு நடக்கும்போது அடிபட்டவரிடம் ஓடக் கூடாது, முதலில் சுடுகிறவனை அடக்க வேண்டும். ‘ஆர்மா 3’ விளையாட்டில் ஏஸ் மாட் போட்டு ஆடுகிறவர்களுக்கு டூர்னிகே கட்டத் தெரியும், இந்த இரண்டாவது விஷயம்தான் தெரியாது. ஒருவர் விழுந்தால் மூன்று பேர் அவர்மேல் குனிகிறார்கள், நான்கு பேரும் சாகிறார்கள்.

வெற்றிடத்தில் இந்த வரிசையே தலைகீழாகும். 1966இல் ஹூஸ்டனில் நாசாவின் வெற்றிட அறையில் விண்வெளி உடுப்பைச் சோதித்துக்கொண்டிருந்த ஜிம் லெப்ளாங்க் என்பவரின் உடுப்பில் காற்று போய்விட்டது. சுமார் பதினான்கு நொடியில் நினைவு தப்பியது. நாக்கில் எச்சில் கொதித்ததுதான் கடைசியாக அவர் நினைவில் நின்றது. உடனே காற்றை விட்டதால் பிழைத்தார். ஆக, உங்கள் நிலவுச் சிப்பாய்க்கு உடுப்பில் பெரிய ஓட்டை விழுந்தால், தானே ஒட்டுப் போட்டுக்கொள்ளப் பதினான்கு நொடி. முடியாவிட்டால் தோழர் வர வேண்டும், அதுவும் சூட்டுக்கு நடுவே. சில்லுக்குப் பயந்து தள்ளித் தள்ளி நின்றால் தோழர் வந்து சேர மாட்டார். ஒட்டுக்காக நெருங்கி நின்றால் ஒரே குண்டில் இருவரும். எத்தனை மீட்டர் இடைவெளி? இதற்குச் சரியான விடை கிடையாது. புது ஆட்கள் நான்கு பேரைத் தனி அறையில் விட்டு இந்த ஒரு கேள்வியில் சண்டை போட விடுங்கள். வெளியே வரும்போது அவர்கள் உங்கள் உலகத்தைச் சேர்ந்தவர்களாகியிருப்பார்கள். கிரகங்கள் விழுந்த ஆண்டுகளை ஒப்பிக்க வைத்தால் அது நடக்காது.

எழுத்தில் மட்டும் ஆடுகிறவர்களும், மேசையில் பகடை உருட்டுகிறவர்களும், இதெல்லாம் கணினிக்காரர்களுக்கு என்று நினைக்கலாம். உங்களுக்குத்தான் இது இன்னும் எளிது. கணினியில் நிலவை உருவாக்க ஆள் வேண்டும், நாள் வேண்டும். நீங்கள் ஒரு வரி எழுதினால் போதும். ‘நான் ஓடிப்போய்ச் சுடுகிறேன்’ என்று புது ஆள் எழுதினால், எத்தனை நொடி ஓடுகிறாய், அப்போது யார் சுட்டுக்கொண்டிருக்கிறார் என்று மட்டும் திருப்பிக் கேளுங்கள்.

தண்டனை பற்றி ஒரே வார்த்தை. தாமதமாக வந்ததற்குக் கேமரா முன் தண்டால் எடுக்கச் சொல்வது, எல்லோர் முன்னாலும் ஒருவரை ஒரு மாதம் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவது, இவையெல்லாம் சில படைகளில் நடக்கின்றன என்று தெரியும். உங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் பள்ளிப் பிள்ளைகள். பாத்திரத்தைத் திட்டுவதும் பிள்ளையைத் திட்டுவதும் வேறு என்று உங்களுக்கே தெரியாவிட்டால் பயிற்சி கொடுக்கும் வேலையை வேறு ஒருவரிடம் விடுங்கள்.

அடுத்த சேர்க்கைக்கு முன் பயிற்சியாளர்கள் எல்லோரும் ஒரு நாள் கூடுங்கள். நிலவுக் களத்தில் மெஷின் கன் எத்தனை நொடி சுட்டு எத்தனை நொடி ஓய வேண்டும், உடுப்பில் ஒட்டுப் போட எத்தனை நொடி, இருவருக்கு நடுவே எத்தனை மீட்டர் என்று மூன்று எண்களை முடிவு செய்யுங்கள். எந்த எண்ணானாலும் சரி, எல்லாச் செக்‌ஷனுக்கும் ஒன்றாக இருக்கட்டும். வரலாற்றுப் பாடத்தை மூன்றாவது வாரத்துக்குத் தள்ளுங்கள். அதுவரை தங்குகிறவர்கள் தாங்களாகவே கேட்பார்கள். எதிரியாக நிற்க ஆள் போதவில்லை என்றால் சொல்லி அனுப்புங்கள், வருகிறேன். மூன்று எண்ணிய பிறகே சுடுவேன்.

அன்புடன்,
ஒரு பழைய செக்‌ஷன் கமாண்டர்